வண்டியைக் கழுவாமல் கொண்டுவரவும்

நான் வேலை பார்த்த டயர் கடையின் வாசலில் இன்றும் ஒரு பலகை தொங்குகிறது. "வண்டியைக் கழுவாமல் கொண்டுவரவும்." புதிதாகச் சேருகிற தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதாகக் கேள்விப்பட்டேன். யாரோ ஒரு கிறுக்கன் எழுதி வைத்தது என்று நினைப்பீர்கள். அந்தக் கிறுக்கன் நான்தான். அந்தப் பலகை வந்த கதையில் கடைசியில் ஜெயித்தவர்களில் நானும் ஒருவன், ஆகவே கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் நான் செய்த முட்டாள்தனத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூரில் அந்த ஒரே கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். பாதி வருஷங்கள் பேலன்சிங் மெஷின் முன்னால். சக்கரத்தை மாட்டிச் சுற்றவிட்டால், அது ஆடாமல் ஓட எந்த இடத்தில் எத்தனை கிராம் வெயிட் வைக்க வேண்டும் என்று மெஷின் காட்டும். இரும்பு ரிம் என்றால் ஓரத்தில் அடித்து மாட்ட வேண்டும், அலாய் என்றால் உட்பக்கம் ஒட்ட வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்கு மெஷினைக் காட்டிக்கொடுத்த மனிதருக்கு ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே யாரோ ஒட்டிய பழைய வெயிட்டுகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். நின்றுகொண்டே தூங்குகிறார் என்று நாங்கள் கேலி செய்வோம். ஒருநாள் நான் கேட்டே விட்டேன்.

"எவன் இத இங்க வெச்சான், எதுக்கு வெச்சான்னு பாக்குறேன்டா. அது தெரியாம நான் எங்க வெக்கிறது?" என்றார்.

நான் சிரித்தேன். மெஷின் சொல்லுது, வைக்கிறோம், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்தச் சிரிப்புக்குப் பல வருஷம் கழித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு சம்பா நடவு சமயம். சின்ன வெள்ளைக் காரில் ஒரு அம்மா வந்து இறங்கினார். பெயர் மலர்க்கொடி. திருக்காட்டுப்பள்ளியில் குடியிருப்பு, வேளாண்மைத் துறையில் உதவி அலுவலர் வேலை. நாளெல்லாம் வாய்க்கால் கரையிலும் வயல் தடத்திலும் சுற்றி, நாற்றையும் பூச்சியையும் பார்த்துச் சொல்கிற உத்தியோகம். கார் பழையதாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் ஆசைப்பட்டு அலாய் வீல் மாட்டியிருந்தார்.

"அண்ணே, அறுபதத் தாண்டுனா ஸ்டியரிங் ஆடுது. ரெண்டு கடையில பாத்துட்டேன். உங்க கைக்குத்தான் நிக்கும்னு சொன்னாங்க" என்றார்.

உங்கள் கைக்குத்தான் நிற்கும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், எனக்குத் தலை கால் புரியாது. நாலு சக்கரத்தையும் நானே கழற்றி ஏற்றினேன். எல்லாவற்றுக்கும் உள்ளேயும் பூஜ்யம், வெளியேயும் பூஜ்யம், அதாவது புதிதாக எந்த வெயிட்டும் வேண்டாம். காரை நானே பைபாஸில் எண்பது வரை ஓட்டிப் பார்த்தேன். தாலாட்டு மாதிரிப் போனது.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. இடது முன்சக்கரத்தின் உட்பக்கம், நட்டநடுவில், இரண்டு நீள வரிசை வெயிட் ஒட்டியிருந்தது. ஒன்று காற்றடிக்கும் வால்வுப் பக்கம். இன்னொன்று நேர் எதிர்ப்பக்கம். ஒன்றின் வேலையை மற்றொன்று ரத்து செய்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தன. யார் வைப்பான் இப்படி, எதற்காக வைப்பான் என்று நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். மெஷினில் பூஜ்யம் வந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"ஆடுதுண்ணே. நான் பொய் சொல்லல."

"பொய்யின்னு யாரு சொன்னா? கை பழகணும், அவ்ளோதான். ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சா ஆடுற மாதிரிதான் இருக்கும். லூஸா புடிச்சு ஓட்டுங்க."

"நாலு வருஷமா ஓட்டுறேண்ணே" என்றார் மெதுவாக. அதற்குள் நான் அடுத்த வண்டியைக் கூப்பிட்டுவிட்டேன்.

கை பழகணும். இந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், ஆண்களிடம் ஒரு தடவைகூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மறுபடி வந்தார். இந்தத் தடவை வீட்டுக்காரரும் கூட வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனுஷன், பேச்சில் மரியாதை சொட்டும். வந்ததும் என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை வண்டிய வாங்க ஆள் வருது. கடை கடையா ஏறி இறங்குன வண்டியாச்சேன்னு யோசிக்கிறாங்க. வண்டியில எந்தக் குறையும் இல்லன்னு நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

"விக்கிறீங்களா? ஏன் சார்?"

"ஞாயித்துக்கிழமை நான் ஓட்டுனா ஆடவே மாட்டேங்குது. இவ ஓட்டுனா மட்டும் ஆடுதாம். வேற யாரும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன், நீங்களே கை பழகலன்னு சொல்லிட்டீங்க. பயந்து பயந்து ஓட்டி எங்கியாவது வாய்க்கால்ல விட்டுட்டா என்ன பண்றது? பஸ்ல போயிக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

மலர்க்கொடி காருக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"எங்க ஊர் வரப்புலதாண்ணே எங்கம்மா நாத்துக்கட்டு சுமந்தாங்க. அதே தடத்துல நான் கார் ஓட்டிட்டுப் போயி எறங்குறேன். எங்கம்மா அதப் பாக்குறதுக்குன்னே வாசல்ல வந்து நிப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் வாயிலிருந்து அலட்சியமாக விழுந்த வார்த்தை ஒரு வீட்டுக்குள் போய்த் தீர்ப்பாக உட்கார்ந்துவிட்டது. இப்போது அதையே எழுதி, கடை முத்திரை குத்திக் கொடு என்கிறார்கள். பேனாவை எடுத்துவிட்டேன். மெஷின் பூஜ்யம் என்றது, நான் ஓட்டியபோது ஆடவில்லை, வீட்டுக்காரர் ஓட்டியபோதும் ஆடவில்லை. எழுதினால் பொய் இல்லை. ஆனாலும் கை நகரவில்லை.

"ஆடுதுன்னா என்னைக்கெல்லாம் ஆடுதும்மா?" என்று கேட்டேன். போன வாரமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். எந்த வயலில் எத்தனை தூரில் குருத்துப்பூச்சி என்று குறிக்கிற நோட்டு. அதிலேயே பின்பக்கத்தில் காரையும் ஒரு பயிர் மாதிரி கவனித்துக் குறித்து வைத்திருந்தார்.

"வயலுக்குப் போயிட்டு வந்த மறுநாள் காலையில ஆடுது. அன்னிக்கு சாயங்காலம் திரும்பும்போது அவ்ளோ இல்ல. நாலு நாள் மழைன்னு வயலுக்குப் போகல, அந்த நாலு நாளும் ஆடல. ஞாயித்துக்கிழமை ஆடறதே இல்ல."

நான் காரைச் சுற்றி வந்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. டயரின் பள்ளத்தில்கூட ஒரு பொட்டு மண் இல்லை. ரிம்மிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"வண்டிய எங்க கழுவுனீங்க?"

"வர்ற வழியில, புது ஆத்துப் பாலத்துக்கிட்ட. ரெண்டு வாளி எப்பவும் டிக்கியில வெச்சிருப்பேன்."

"போன வாரமும் கழுவிட்டுத்தான் வந்தீங்களா?"

"கடைக்கு வரும்போதெல்லாம் கழுவிடுவேண்ணே. சனிக்கிழமை சாயங்காலமும் கழுவிடுவேன், மறுநாள் பிள்ளைங்க ஏறும்ல." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "மொத மொத ஒரு கடைக்கு வயல்லேர்ந்து நேரா போயிட்டேன். 'என்ன மேடம், நடவு வயலையே பேத்துக் கொண்டாந்துட்டீங்க'ன்னு அத்தன பேரு முன்னாடி சிரிச்சாங்க. அப்பறம் தென்னங்குச்சிய விட்டு உள்பக்கமெல்லாம் தேய்ச்சுக் கழுவாம எங்கியும் போறதில்ல."

தம்பிகளே, அந்த இடத்தில் எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. எதிரெதிரே இரண்டு வரிசை வெயிட்! சிரித்தார்களே, அந்த முதல் கடைக்காரர்கள், வெளியே இருந்த சேற்றைத் தட்டிவிட்டு, ரிம்முக்குள் காய்ந்து கிடந்த களிமண்ணோடு சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார்கள். மண்ணுக்கு ஈடாக எதிர்ப்பக்கம் ஒரு வரிசை ஒட்டிவிட்டார்கள். இந்த அம்மா வீட்டுக்குப் போய் மண்ணைக் கழுவியதும் அந்த வரிசையே கோளாறாகிவிட்டது. இரண்டாவது கடையில் கழுவிய சக்கரம். பழைய வரிசையைப் பிய்த்து எறியாமல் அதற்கு ஈடாக இன்னொரு வரிசை. பூஜ்யம். மூன்றாவது கடைக்கு, என்னிடம், அப்படியே வந்தது. வயலுக்குப் போனால் மறுபடி மண் ஏறும், இரண்டு வரிசைக்கு நடுவில் வசமாகத் தங்கும். ராத்திரி வண்டி நிற்கும்போது ஈர மண் கீழே வழிந்து ஒரே பக்கமாகச் சேர்ந்து காலைக்குள் இறுகிவிடும், ஓட ஓடக் கொஞ்சம் உதிரும். நோயோடு ஓடுகிறது, மருத்துவரிடம் வரும்போது மட்டும் குளித்து முழுகி ஆரோக்கியமாக வருகிறது. எங்களைப் போன்றவர்களின் சிரிப்புக்குப் பயந்து அந்த அம்மா சாட்சியைக் கழுவிக் கழுவி ஆற்றில் விட்டிருக்கிறார்.

அப்படியே சொல்லிவிடலாம்தான். சொன்னால் வாத்தியார் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வண்டியை விற்றுவிடுவார். போன வாரம் ஒன்று சொன்னவன் இந்த வாரம் ஒன்று சொல்கிறான் என்றுதானே நினைப்பார்? ஆகவே பேனாவை மூடினேன்.

"சார், சீட்டு சனிக்கிழமை தர்றேன். ஒரு கண்டிஷன். நாளைக்கு மேடம் வழக்கம்போல வயலுக்குப் போயிட்டு வரட்டும். வண்டிய யாரும் கழுவப்படாது. சனிக்கிழமை காலையில நான் உங்க ஊருக்கு வர்றேன். நீங்க ஓட்டுங்க. ஆடலன்னா அங்கியே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் திருக்காட்டுப்பள்ளி போனேன். வியாழக்கிழமை ராத்திரி நல்ல மழை. கார் பாதிக்கு மேல் சேறு. தெருவில் போனவர்கள் எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் ஒரு அம்மா நின்றார், மலர்க்கொடியின் தாயார். மகள் ஓட்டுகிற பக்கம் ஏறாமல் இடப்பக்கம் ஏறுவதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இப்படியேவா டவுனுக்குப் போறது?" என்றார் வாத்தியார்.

"இப்படியேதான் சார்" என்றேன். நான் பின்சீட்டில்.

ஊரைத் தாண்டும் வரை முன்னால் ஒரு டிராக்டர், அதற்கு முன்னால் ஒரு பஸ். நாற்பதுக்கு மேல் போகவே முடியவில்லை. பூதலூர் தாண்டி ரோடு நேரானது. ஐம்பது. ஒன்றுமில்லை. ஐம்பத்தைந்து. ஒன்றுமில்லை. மண் வழியில் உதிர்ந்து போயிருந்தால்? நான் போட்ட கணக்கே தப்பாக இருந்தால்? சட்டைப் பையில் அந்த வெள்ளைத் தாள் மடித்து இருந்தது. முன்னால் மலர்க்கொடி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக. அறுபத்தைந்தில் வாத்தியாரின் முழங்கை வரை நடுங்கியது, கண்ணாடியில் தொங்கிய மாலை குதித்தது. அவர் இறுக்கிப் பிடித்தார். இன்னும் ஆடியது. நான் சொன்ன மாதிரியே லூஸாகப் பிடித்தார். பயங்கரமாக ஆடியது.

"என்னடி இது!" என்று கத்தினார்.

மலர்க்கொடி அவர் பக்கம் திரும்பி, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்:

"கை பழகணுங்க."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பாதிச் சிரிப்பில்தான் அது என் வாசகம் என்று உறைத்தது, காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த அம்மா பின்னால் திரும்பி என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான்.

வாத்தியார் ஓரமாக நிறுத்தினார். இரண்டு கையையும் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதையா இத்தன நாளா ஓட்டிட்டிருந்த?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"எறங்குங்க" என்றார் மலர்க்கொடி.

சுற்றி வந்து வண்டியை எடுத்தார். தஞ்சாவூர் வரை அவர்தான் ஓட்டினார். எங்கே வேகத்தைக் கூட்ட வேண்டும், எங்கே அறுபதுக்குக் கீழே இறக்க வேண்டும், எதிரே லாரி வந்தால் ஸ்டியரிங்கை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று அந்த ஆட்டத்தையே அவர் கை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. முப்பது வருஷம் ஊரார் வண்டியை ஓட்டிப் பார்த்தவன் சொல்கிறேன், அவ்வளவு ஆடுகிற வண்டியை அவ்வளவு நேராக ஓட்டிய கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பழகாத கையாம்!

கடையில் சக்கரத்தைக் கழற்றியபோது பையன்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். உட்பக்கத்தில் இரண்டு வரிசை வெயிட்டுக்கு நடுவே, அச்சில் வார்த்த மாதிரி காவேரிக் களிமண். வாய்க்கால் தடத்தில் எதிரே டிராக்டர் வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி மண்ணில் இறங்க வேண்டும், அதனால் இடது சக்கரத்தில்தான் அதிகம். மண்ணோடு ஒரு சுற்று சுற்றவிட்டேன். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து வாத்தியார் "அடேயப்பா" என்றார்.

அடுத்ததாக நான் செய்ததுதான் எனக்குப் பெருமை. எதையும் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் பிய்த்தேன். மண், முதல் வரிசை, இரண்டாம் வரிசை, பழைய பசை, எல்லாம். ரிம்மை வெறுமையாக்கித் துடைத்துக் காயவைத்துச் சுற்றினேன். அந்தச் சக்கரத்துக்கு உண்மையில் வேண்டியிருந்தது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரண்டே துண்டு. மற்றவர்கள் மாதிரி நடுவில் வைக்கவில்லை. ஒன்றை உள் ஓரத்தில் வைத்தேன். மற்றொன்றை வெளிமுகத்தை ஒட்டி, ரிம்மின் ஆரக்கம்பிகளுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தால் கொஞ்ச வெயிட்டே போதும், பக்கவாட்டு ஆட்டமும் அடங்கும். நடுப்பகுதி வழவழப்பாக இருந்தால் மண்ணுக்குப் பிடிமானமும் குறையும்.

"வயல்லேர்ந்து வந்த சாயங்காலமே, மண்ணு காயறதுக்குள்ள, உள்பக்கம் ரெண்டு வாளி அடிச்சு விட்டுடுங்க" என்றேன். "எங்க கடைக்கு வரும்போது மட்டும் கழுவாதீங்க. உங்க வேலைதானம்மா அந்தச் சேறு, அதுல என்ன வெக்கம்?"

அவர் தனியாக பைபாஸ் வரை போய்த் திரும்பினார். இறங்கும்போதே தெரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. "எண்பதுண்ணே!" என்றார். "எண்பதுல ஒரு விரலால புடிச்சேன்!" கடையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினோம், டயர் மாற்ற வந்து காத்திருந்த ஆட்டோக்காரர் உட்பட.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. வெயிட் எங்கே வைப்பது என்று மெஷின் எந்த நாளும் சொல்லும். அந்தச் சக்கரம் நேற்று எங்கே போனது, யார் அதன் மேல் கை வைத்தார்கள், நம் வாசலுக்கு வருமுன் அதற்கு என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் ஓட்டி வந்தவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் ஆடுகிறது என்றால் ஆடுகிறது. நம் மெஷினில் தெரியவில்லை என்றால் நாம் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பழைய வெயிட்டைப் பார்த்துக்கொண்டே நின்ற அந்த மனிதரிடம் போய் ஐயா, நீங்கள் தூங்கவில்லை என்று சொல்ல ஆசைப்பட்டேன். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பலகையை அந்த வாரமே எழுதி மாட்டினேன்.

அவர்கள் கிளம்பும்போது வாத்தியார் கொஞ்சம் சங்கடத்தோடு, "அண்ணே, அந்தச் சீட்டு இனிமே வேணாம். வண்டிய விக்கல" என்றார்.

"நான் தர்றேன்னு சொன்னேன்ல சார்" என்றேன்.

பையிலிருந்த தாளை எடுத்து மெஷின் மேலேயே வைத்து எழுதினேன். கையெழுத்துப் போட்டு, கடை முத்திரை குத்தி, மலர்க்கொடியிடம் கொடுத்தேன். அவர் அதை வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, வகுப்பில் பாடம் வாசிப்பது போல் வாசித்தார்:

"இந்த வண்டியில் குறை இருந்தது. இதைப் பார்த்த மூன்று கடைக்காரர்களிடமும் குறை இருந்தது, அதில் நானும் ஒருவன். ஓட்டியவர் கையில் எந்தக் குறையும் இல்லை."

மடித்து, பூச்சிக் கணக்கு எழுதுகிற நோட்டில் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் இடப்பக்கக் கதவைத் திறந்து தானாகவே ஏறி உட்கார்ந்தார்.

"மொதல்ல வீட்டுக்குப் போவோங்க" என்றார் மலர்க்கொடி வண்டியை எடுத்துக்கொண்டே. "அம்மா வாசல்லயே நிப்பாங்க."